நியூ ஆர்டர்: புதிதாகக் கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1980ல் உருவான குழு நியூ ஆர்டர். பங்க் இசையின் கரடுமுரடான கிட்டாரையும் நடன அரங்குகளின் இயந்திரத் தாளத்தையும் ஒரே பாட்டில் உட்கார வைத்தவர்கள். பெர்னார்ட் சம்னர் குரலும் கிட்டாரும், பீட்டர் ஹூக் பேஸ் கிட்டார், ஸ்டீபன் மோரிஸ் டிரம்ஸ், கில்லியன் கில்பர்ட் கீபோர்டு. இவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

"ப்ளூ மண்டே" மட்டும்தான் தெரியும். அடுத்து எதைக் கேட்பது?

1987ல் வந்த "சப்ஸ்டன்ஸ்" தொகுப்பு. அதில் சந்தேகமே வேண்டாம். இந்தக் குழுவின் உயிர் ஆல்பங்களைவிட 12 அங்குல சிங்கிள்களில்தான் (ஒரு பாட்டை நீளமாக ஏற்றித் தனியாக விற்கும் பெரிய வினைல் தட்டுகளில்தான்) இருக்கிறது. தொடக்க வருடங்களில் சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். ஒரே பாட்டுக்கு ரசிகனிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்ற கணக்கு. அதனால் ஆல்பங்களை மட்டும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் "டெம்ப்டேஷன்", "ப்ளூ மண்டே", "ட்ரூ ஃபெய்த்" எதுவும் கண்ணில் படாது.

அதற்குப் பிறகு "பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்" (1983), "லோ-லைஃப்" (1985), "டெக்னிக்" (1989) என்ற வரிசை. முதல் ஆல்பமான "மூவ்மென்ட்"டை (1981) கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மோசமான ஆல்பம் என்பதால் அல்ல. ஜாய் டிவிஷன் என்ற முந்தைய குழுவில் பாடகனை இழந்த மூன்று பேர் இன்னும் தங்கள் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் பதிவு அது. பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்த பிறகு கேட்டால்தான் பிடிபடும்.

ஜாய் டிவிஷனும் நியூ ஆர்டரும் ஒரே குழுவா?

முக்கால்வாசி. ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முன்னால், தற்கொலை செய்துகொண்டார். மீதி மூவரும் பழைய பெயரை விட்டுவிட்டார்கள். அதே வருடம் அக்டோபரில் கில்லியன் சேர்ந்தார்.

இரண்டு குழுக்களுக்கும் பாலமாக நிற்பது "செரிமனி". கர்டிஸ் எழுதிய கடைசிப் பாட்டுகளில் ஒன்று. 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஜாய் டிவிஷனின் கடைசி நிகழ்ச்சியில் அவரே பாடினார். வரிகள் தாளில் எங்கும் கிடைக்காததால், மங்கலான பழைய ஒலிநாடாவை ஈக்வலைசர் வழியாக ஓட்டி, குரல் இருக்கும் அலைவரிசைகளைத் தூக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு எழுதி எடுத்தார்கள். நியூ ஆர்டரின் முதல் சிங்கிளாக 1981ல் வந்தது அதுதான்.

பெயரில் நாஜி வாடை அடிக்கிறதே?

அப்போதே பத்திரிகைகள் கேட்ட கேள்வி. ஹிட்லர் பேசிய "புதிய ஒழுங்கு"க்கு ஆங்கிலத்தில் இதே சொல்தான். மேலாளர் ராப் கிரெட்டன் கார்டியன் நாளிதழில் கம்போடியாவைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அந்தச் சொல்லைப் பார்த்துச் சொன்னதாகக் குழுவினர் விளக்கம் சொன்னார்கள். ஜாய் டிவிஷன் என்ற முந்தைய பெயருக்கும் இதே குற்றச்சாட்டு இருந்ததைப் பார்க்கும்போது, இரண்டாவது முறையாவது யோசித்திருக்கலாம்.

ஒரே பாட்டு ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி இருக்கிறது. எதுதான் சரியான வடிவம்?

அதிகம் குழப்பும் விஷயம் இது. கேட்பொலிச் செயலிகளில் ஒரே பெயரில் நாலைந்து பதிவுகள் கிடக்கும். நீளத்தைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

"ப்ளூ மண்டே": 1983 மார்ச் 7 அன்று வந்த மூலம் 7 நிமிடம் 29 விநாடி. நான்கு நிமிடம் சொச்சம் ஓடுவது பெரும்பாலும் 1988ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில் வந்த மறுகலவையின் (ரீமிக்ஸ்) சிறு வடிவம். கெட்டதில்லை, ஆனால் மூலத்தின் வெறுமை அதில் இல்லை. இடைவெளியெல்லாம் அடைத்துவிட்டார்கள்.

"டெம்ப்டேஷன்": இங்கேதான் ரசிகர்கள் சண்டை போடுவார்கள். 1982ன் 12 அங்குல வடிவம் 8 நிமிடம் 47 விநாடி. "சப்ஸ்டன்ஸ்" தொகுப்பில் இருப்பது 1987ல் புதிதாகப் பாடி வாசித்த 6 நிமிடம் 59 விநாடி வடிவம். பின்னது துல்லியமானது, சுத்தமானது. முன்னதில் தாளம் லேசாகத் தள்ளாடும், குரல் மூச்சு வாங்கும். முன்னதைக் கேளுங்கள். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டை விட்டுப் பிரிந்து, தாங்களே பொத்தான்களைத் திருகிய முதல் சிங்கிள் அது. அந்த விடுதலை பாட்டிலேயே கேட்கும்.

"கன்ஃப்யூஷன்": நியூயார்க்கில் ஆர்தர் பேக்கர் தயாரித்தது 1983ல். தொகுப்பில் இருப்பது இதற்கும் மறுபதிவு.

"தி பர்ஃபெக்ட் கிஸ்": "லோ-லைஃப்" ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 12 அங்குலத் தட்டில் 8 நிமிடம் 46 விநாடி. தொகுப்பின் குறுந்தகட்டில் இடம் போதாமல் முக்கால் நிமிடம் போல வெட்டப்பட்டது. முழுசாக 8:46 கிடைத்தால் விடாதீர்கள். பாட்டின் பின்பாதியில் தவளை கத்தும். அதைக் கேட்காதவர் அந்தப் பாட்டையே கேட்கவில்லை என்பது கட்சி.

"பிசார் லவ் ட்ரையாங்கிள்": ஆல்பத்தில் ஒன்று, ஷெப் பெட்டிபோன் மறுகலவை ஒன்று. இரண்டும் நல்லவை. நடனத்துக்கு இரண்டாவது.

இன்னொரு பொறி: ஜாய் டிவிஷனுக்கும் "சப்ஸ்டன்ஸ்" என்றே ஒரு தொகுப்பு 1988ல் வந்தது. வாங்கும்போது குழுவின் பெயரைப் பாருங்கள்.

"ப்ளூ மண்டே"யை எந்தக் கருவிகளால் செய்தார்கள்?

தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின். ஓடிக்கொண்டே இருக்கும் அடித்தளம் மூக் சோர்ஸ் சிந்தசைசர். அதை ஓட்டியது, பவர்ட்ரான் நிறுவனம் உதிரிபாகங்களாக விற்ற சீக்வென்சர் (உள்ளிட்ட ஸ்வரங்களை வரிசையாக ஒலிக்க வைக்கும் கருவி). பெர்னார்ட் உட்கார்ந்து பற்றவைத்துக் கட்டியது. நடுவே திடீரென எழும் தேவாலயக் கோரஸ், இமுலேட்டர் சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பிடித்து வைத்து வாசிக்கும் கருவி) ஏற்றிய, ஜெர்மன் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் பதிவு ஒன்றின் துண்டு. அந்தக் காலத்து இமுலேட்டரில் ஏறக்குறைய இரண்டு விநாடி ஒலிதான் ஏறும். அந்தப் பெருந்தொகைக் கருவியைக் கையாளப் பழகியது எப்படி என்று கில்லியன் பின்னாளில் போட்டு உடைத்தார்: பெர்னார்டும் ஸ்டீபனும் மணிக்கணக்கில் குசு விட்டுப் பதிவு செய்து பழகினார்களாம்.

டிரம் மெஷினும் சீக்வென்சரும் ஒன்றோடொன்று பேசாது. இன்று ஒரு கம்பி செருகினால் முடியும் வேலைக்கு அன்று தனிச் சுற்று ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. பதிவு நடந்தது லண்டனில், பிங்க் ஃப்ளாய்டுக்குச் சொந்தமாக இருந்த பிரிட்டானியா ரோ கூடத்தில்.

அந்த மெட்டு தாளத்தோடு ஒட்டாமல் நழுவுவது போலக் கேட்கிறதே, என் காது கோளாறா?

இல்லை, காது சரியாக இருக்கிறது. பவர்ட்ரான் சீக்வென்சரில் வாசித்துப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒவ்வொரு மௌனத்தையும் எண்ணி எண்ணி உள்ளிட வேண்டும். கில்லியன் முழுப் பாட்டையும் தாள்களில் எழுதி, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, நீளமாக விரித்து வைத்துக்கொண்டு உள்ளிட்டார். ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. விட்ட இடத்திலிருந்து பின்னால் வந்தவையெல்லாம் ஒரு கட்டம் முன்னே நகர்ந்துவிட்டன. கேட்டார்கள், நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். சரியாக உள்ளிட்டிருந்தால் மெட்டு அடியோடு போய் ஒட்டி உட்கார்ந்திருக்கும், பாட்டும் பாதி செத்திருக்கும்.

வீட்டுக் கணினியில் அதே மாதிரி செய்து பார்க்க முடியுமா?

முடியும். எந்த இசை மென்பொருளும் போதும்.

வேகத்தை நிமிடத்துக்கு 130 அடி என்று வையுங்கள். ஓர் அடி 0.46 விநாடி, அதன் கால்பங்கான பதினாறாம் பங்குக் குறிப்பு 115 மில்லிவிநாடி. முதலில் கிக் (பெரிய டிரம்மின் குத்து) மட்டும்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு குத்து, பிறகு இரண்டு அடி நீளத்துக்குப் பதினாறாம் பங்காக எட்டுக் குத்துகள் அடுக்கடுக்காக. கிக் ஒலிக்கு வால் நீளமாக இருந்தால் அந்த எட்டும் சேர்ந்து கொழகொழத்துப் போகும். ஒலியின் வாலை 100 மில்லிவிநாடிக்குள் வெட்டுங்கள். பலரும் வழுக்கும் இடம் இதுதான். எட்டுக் குத்துகளுக்கும் ஒரே பலம் கொடுங்கள். மனிதன் அடிப்பது போல ஏற்ற இறக்கம் வைத்தால் இயந்திரத் துப்பாக்கி போன்ற அந்த உணர்வு போய்விடும். இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்னேர், கைதட்டல்.

பேஸ் எஃப், சி, டி என்று போகும். அடுத்த சுற்று ஜி, சி, டி. சிந்தசைசரில் ஒரே ஆசிலேட்டர் போதும், ஃபில்டரைப் பாதிக்கு மேல் மூடி, ஸ்வரங்களைக் குட்டையாக வெட்டி வையுங்கள். ஸ்விங் என்று மென்பொருளில் இருப்பதைச் சுழியத்தில் விடுங்கள்.

இனி மெட்டு. முதலில் தாளத்தோடு சரியாகப் பொருத்தி எழுதுங்கள். பிறகு அந்த முழுத் துண்டையும் பிடித்து, ஒரு பதினாறாம் பங்குக் குறிப்பு அளவுக்கு முன்னதாக ஒலிக்கும்படி இழுங்கள். கில்லியனின் பிழை கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு ஸ்வரத்தை அழித்து 15 கட்டச் சுழலாக ஓட விடுவது வேறு விளைவு. அது ஒவ்வொரு சுற்றுக்கும் நகர்ந்து நகர்ந்து, 16 சுற்று முடிந்தால்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது "ப்ளூ மண்டே" இல்லை.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறைகிறதா? கையால் வாசித்த பேஸ் கிட்டார் இல்லை. மேலே அது இல்லாவிட்டால் வெறும் டிரம் மெஷின் செய்முறை விளக்கம்தான் மிஞ்சும்.

பீட்டர் ஹூக் ஏன் பேஸை லீட் கிட்டார் மாதிரி வாசிக்கிறார்?

வறுமை. ஜாய் டிவிஷன் நாளில் பெர்னார்டின் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) உரத்துக் கத்தும். ஹூக்கின் ஆம்ப் மட்டம். தாழ்ந்த ஸ்வரங்கள் அவர் காதுக்கே எட்டவில்லை. ஃப்ரெட் பலகையில் மேலே ஏறி வாசித்தபோதுதான் கேட்டது. கர்டிஸுக்கு அது பிடித்துப்போய், இன்னும் மேலே வாசி என்றார். நியூ ஆர்டர் காலத்தில் தாழ்ந்த வேலையைச் சிந்தசைசர் எடுத்துக்கொண்டதால் அவருக்கு மேல்தளம் முழுக்கக் காலியாகக் கிடைத்தது.

அந்த ஒலியை நம் பேஸில் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

விரல் வேண்டாம், பிக். கடினமான பிக், பிரிட்ஜுக்கு அருகே அடிக்க வேண்டும். ஜி தந்தியில் 7ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மெட்டை வாசியுங்கள். பக்கத்து டி தந்தியைத் திறந்தபடியே சேர்த்து அடியுங்கள். தம்பூரா சுருதி போல அந்த டி கீழே நின்றுகொண்டே இருக்கும். "லவ் வில் டேர் அஸ் அபார்ட்" பாட்டின் பேஸ் இந்த வித்தைதான். பாட்டு டி அல்லாத சுருதியில் இருந்தால் திறந்த டி இடிக்கும். அப்போது திறந்த ஏ தந்தி பொருந்துகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒற்றைத் தந்தியோடு நிறுத்துங்கள்.

அடுத்து கோரஸ் பெடல். ஹூக் வைத்திருந்தது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் க்ளோன் தியரி. அது கிடைக்காவிட்டால் எந்த அனலாக் கோரஸும் ஆகும். வேகத்தை நன்றாகக் குறைத்து, ஆழத்தைப் பாதியில் வையுங்கள். ஆம்பில் தாழ் ஒலியைக் குறைத்து நடு ஒலியை ஏற்றுங்கள். கோரஸைப் போட்டுக்கொண்டு ஈ தந்தியில் இறங்கினால் சேறுதான். இறங்க வேண்டிய இடம் வந்தால் பெடலை மிதித்து அணைத்துவிட்டு இறங்குங்கள்.

புதிய ரவுண்ட்வவுண்ட் (மேலே வட்டக் கம்பி சுற்றிய) தந்திகள் தேவை. பழைய தந்தியில் அந்த மணியோசை வராது.

மேலே வாசிக்கும்போது சுருதி பிசகுகிறது என்ற புகார் நிறைய வரும். பேஸ்கள் பெரும்பாலும் கீழ் ஃப்ரெட்டுகளுக்காகவே அமைத்து விற்கப்படுகின்றன. 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும் அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சாடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னே தள்ளுங்கள். குறைவாக இருந்தால் முன்னே. ஒவ்வொரு முறையும் தந்தியை மறுபடி சுருதி சேர்த்துவிட்டு அளக்க வேண்டும். அதை மறந்தால் இரவு முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

பல பாட்டுகளில் ஹூக் வாசிப்பது ஷெர்கோல்டு மாரத்தான் என்ற ஆறு தந்தி பேஸ். கிட்டாருக்குச் சரியாக ஓர் ஆக்டேவ் கீழே, ஈயிலிருந்து ஈ வரை. நாலு தந்தி பேஸில் அதன் மேல் இரண்டு தந்திகளுக்கு மாற்று கிடையாது. 12ஆம் ஃப்ரெட்டைத் தாண்டி ஏறித்தான் ஆக வேண்டும்.

பெர்னார்டுக்குப் பாட வராதா?

பயிற்சி இல்லாத குரல், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கர்டிஸ் போன பிறகு மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் இவர் தலையில் விழுந்தது. பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கவும் அவருக்கு வரவில்லை. கில்லியனைச் சேர்த்ததற்கு அது ஒரு காரணம். பாட்டு நின்ற இடத்தில் கிட்டார் எழுவதும், பாட்டில்லாத நீண்ட வெளிகள் வருவதும் இந்த இயலாமையிலிருந்து பிறந்த அமைப்பு. வரிகள் சில இடங்களில் பள்ளிப்பிள்ளை எழுதியது போல இருக்கும். பாட்டின் தலைப்பு பாட்டுக்குள்ளேயே வராது என்பதும் ஒரு பழக்கம். அர்த்தம் தேடி மெனக்கெட வேண்டாம்.

உறைகளில் குழுவின் பெயரையே காணோமே?

வடிவமைப்பாளர் பீட்டர் சாவிலின் வேலை. "பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்" முகப்பில் இருப்பது 1890ல் ஃபான்டின்-லத்தூர் வரைந்த ரோஜாக்கூடை. மூல ஓவியம் லண்டன் தேசியக் காட்சியகத்துடையது. ஓரத்தில் சில வண்ணக் கட்டங்கள். அவைதான் எழுத்து. திறவுகோல் அதே ஆல்பத்தின் பின்னட்டையில் சக்கரமாக இருக்கிறது: ஒவ்வொரு வண்ணத்துக்கும் அல்லது வண்ண ஜோடிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. சக்கரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ப்ளூ மண்டே" உறையின் கட்டங்களைப் படித்தால் வெளியீட்டு எண், இரண்டு பாட்டுகளின் பெயர், குழுவின் பெயர் எல்லாம் வரும். செயலியில் கட்டைவிரல் அளவுப் படத்தை வைத்து முயலாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வண்ணங்கள் ஒன்றாகத் தெரியும்.

"ப்ளூ மண்டே" விற்க விற்க நஷ்டம் என்பது உண்மையா?

குழுவினரும் அவர்கள் தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி நிறுவனத்தின் டோனி வில்சனும் காலம் முழுக்கச் சொன்ன கதை. எத்தனை பென்ஸ் நஷ்டம் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். அடிப்படை இதுதான்: உறை 5¼ அங்குல ஃபிளாப்பி தட்டைப் போல வடிவமைக்கப்பட்டது. ஓட்டைகளைத் தனியாக வெட்ட வேண்டும், அதன் வழியே தெரிய வெள்ளி நிற உள்ளுறை வேண்டும். அச்சுச் செலவு எகிறியது. இவ்வளவு விற்கும் என்று யாரும் நினைக்காததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உலகில் மிக அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்று பெயர் வாங்கியது அதுதான்.

பழைய தட்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எண்ணைப் பாருங்கள். ஃபேக்டரி வெளியீடுகளில் சிங்கிளுக்கு ஃபேக், ஆல்பத்துக்கு ஃபேக்ட் என்று தொடங்கும். "ப்ளூ மண்டே" ஃபேக் 73. (நிறுவனம் எண் போடும் பித்துப் பிடித்தது. இரவு விடுதிக்கு 51, ஹானெட் தொடுத்த வழக்குக்கு 61, கடைசியில் வில்சனின் சவப்பெட்டிக்கு 501.)

ஃபேக் 73 என்றால் ஓட்டை வெட்டிய உறையும் வெள்ளி உள்ளுறையும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளுறை மாறியிருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள். ஓட்டை விளிம்புகளில்தான் முதலில் கிழியும். "லோ-லைஃப்" ஆல்பத்துக்கு மேலே சுற்றிய ட்ரேசிங் தாள் இருக்கும். பாதிப் பிரதிகளில் அது கசங்கியோ காணாமலோ போயிருக்கும். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கண்மட்டத்தில் சுழற்றி வளைவு பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் கீறல்கள் நிறைய இருந்தால் நன்றாக ஓடிய தட்டு. நடன அரங்கில் உழைத்த பிரதியாக இருக்கலாம், கிக் ஒலி தேய்ந்திருக்கும்.

பாட்டில் வந்த காசெல்லாம் எங்கே போனது?

ஹசியெண்டா. 1982 மே 21 அன்று மான்செஸ்டரில் திறந்த இரவு விடுதி, குழுவும் பங்குதாரர். முதல் வருடங்களில் குளிரும் காலி நாற்காலிகளும்தான். 1988 வாக்கில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அலையில் கூட்டம் பிதுங்கியது. வந்தவர்கள் எக்ஸ்டசி மாத்திரை போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள், பீர் விற்கவில்லை. ரவுடிக் கும்பல்கள் வந்தன. 1997ல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1992ல், ஃபேக்டரி திவாலாகிவிட்டது.

ஹூக் இல்லாத நியூ ஆர்டரைப் போய்க் கேட்கலாமா?

அவர் 2007ல் விலகினார். மற்றவர்கள் 2011ல் மீண்டும் கூடியபோது பேஸை டாம் சாப்மன் ஏற்றார், பத்து வருடம் விலகியிருந்த கில்லியன் திரும்பினார். பெயர், பணம் தொடர்பான வழக்கு 2017ல் சமரசமாக முடிந்தது. 2015ன் "மியூசிக் கம்ப்ளீட்" ஹூக் இல்லாமலும் நல்ல ஆல்பம் என்பதைப் பலர் முணுமுணுத்தபடியாவது ஒத்துக்கொள்வார்கள்.

விளக்குகளும் பெரிய திரையும் சிந்தசைசர் முழக்கமும் வேண்டுமானால் நியூ ஆர்டர். பழைய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல், பேஸ் முழங்காலுக்குத் தொங்க வாசித்துக் கேட்க வேண்டுமானால் ஹூக்கின் சொந்தக் குழுவான பீட்டர் ஹூக் அண்ட் தி லைட். "செரிமனி" இரண்டு மேடையிலும் உண்டு.